மைதான ஓரத்தில் மூன்று ஆண்டுகள்

விளையாட்டுப் புகைப்படக்காரராக விரும்பும் கல்லூரி மாணவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தக் கேமரா வாங்கலாம் என்பதைத்தான். அதற்கு முன்பே கேட்க வேண்டியது, எந்த மைதானத்தில் போய் உட்காரலாம் என்பது. சேப்பாக்கத்தில் ஐபிஎல் ஆட்டத்தைப் படமெடுக்க அங்கீகார அட்டை வேண்டும். தனி ஆளாகப் போய்க் கேட்டால் அது கிடைப்பது அரிது. சொந்தக் கல்லூரியின் கபடி ஆட்டத்திலோ, உடற்கல்வி இயக்குநரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் களத்துக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துவிடலாம். பட்டம் வாங்கிய பிறகு இந்த நெருக்கம் எளிதில் அமையாது. அமெரிக்கப் புகைப்படக்காரர் நீல் லைஃபரின் தொடக்கம், கேமராவைவிட இடமே முக்கியம் என்பதற்கு நல்ல சான்று. 1958 டிசம்பர் 28 அன்று நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் அமெரிக்கக் கால்பந்தின் சாம்பியன் போட்டி. அன்றுதான் லைஃபருக்கு 16 வயது நிறைந்தது. சக்கர நாற்காலியில் வந்த முன்னாள் படைவீரர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவர், ஆட்டத்தை முடித்துவைத்த ஆலன் அமீச்சியின் பாய்ச்சலைக் களத்தின் ஓரத்திலிருந்தே எடுத்தார்.

ஆகவே முதல் ஆண்டில் ஒரே ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுங்கள். அதன் விதிகளையும் ஆட்டக்காரர்களின் பழக்கங்களையும் கற்றுக்கொள்ளுங்கள். கபடியையே எடுத்துக்கொள்வோம். ஒரு ரெய்டுக்கு 30 நொடி. ரெய்டு போகிறவரின் முகத்தைப் பிடிக்க எதிரணிப் பக்கம் உட்கார வேண்டும் என்றுதான் புதிதாக வருபவருக்குத் தோன்றும். ஆனால் ஆட்டத்தின் உச்சம், நாலு பேர் காலையும் இடுப்பையும் பிடித்து இழுக்க அவர் நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டும் நொடி. அப்போது அவர் முகம் தன் சொந்த அணியின் பக்கம் திரும்பியிருக்கும். நீங்கள் இருக்க வேண்டியது அவருடைய சொந்த அணியின் கடைக்கோட்டுக்குப் பின்னால். ஆட்டத்தைப் புரிந்தவருக்கு மட்டுமே இந்த இடம் தெரியும். எவ்வளவு விலை உயர்ந்த கேமராவும் இதைச் சொல்லித் தராது.

விலையுயர்ந்த லென்ஸ் இல்லாமல் இந்தத் துறை நடக்குமா என்ற கேள்வி நியாயமானதே. கிரிக்கெட்டுக்கு நடக்காது, எல்லைக்கோட்டிலிருந்து ஆடுகளம் அவ்வளவு தூரம். ஆண்கள் கபடிக் களத்தின் நீளமோ 13 மீட்டர்தான். கடைக்கோட்டிலிருந்து நடுக்கோடு ஆறரை மீட்டர். சிறிய சென்சார் கொண்ட தொடக்கநிலைக் கேமராவில் 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸைப் போட்டால், விழுந்து கிடக்கும் ரெய்டரும் அவரைப் பிடித்தவர்களும் சட்டகத்துக்குள் அடங்கிவிடுவார்கள். உள்ளரங்கில் ஷட்டர் வேகத்தை 1/800 அளவில் வைத்து, ஐஎஸ்ஓவை 3200, தேவையானால் 6400 வரை ஏற்றுங்கள். புள்ளி புள்ளியாகத் தெரியும் படத்தை மன்னிக்கலாம், அசைந்த முகத்தை மன்னிக்க முடியாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். அடுத்தடுத்த படங்களின் வெளிச்சமும் நிறமும் மாறுவது அதனால்தான். கேமராவில் ஃப்ளிக்கர் தடுப்பு வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். பிளாஷ் வேண்டாம், ஆட்டக்காரரின் கண்ணைக் கூசவைக்கும்.

இரண்டாம் ஆண்டில் விளையாட்டுகளைக் கூட்டுங்கள்: வாலிபால், ஹாக்கி, தடகளம். கூடவே, மாணவர்கள் அதிகம் புறக்கணிக்கும் பாதி வேலையையும் பழக வேண்டும். ஆட்டம் முடிந்த அரை மணிக்குள் பத்துப் படங்களைத் தேர்ந்து, யார், எந்த அணி, எந்தச் சுற்று, எங்கே, எப்போது என்று படக்குறிப்பு எழுதி அனுப்பிவிட வேண்டும். அதற்கு ஆட்டம் தொடங்கும் முன்பே அணிப் பட்டியலை வாங்கி, பனியன் எண்ணையும் பெயரையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். படத்தைப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்ற எண்ணமும் உதவாது. தனித்து இயங்கும் புகைப்படக்காரர்கள் ரா கோப்பிலிருந்து உருவாக்கிய படங்களை அனுப்பக் கூடாது, கேமரா பதிவு செய்த ஜேபெக் படத்தையே அனுப்ப வேண்டும் என்று ராய்ட்டர்ஸ் 2015இல் அறிவித்தது. செய்திப் படத்தில் பின்னணியில் நிற்பவரை அழிப்பது பொய். வீராங்கனைகளின் படங்களில், அவர்களின் ஆட்டத்தைக் காட்டாமல் உடலை மட்டும் காட்டும் படத்தைத் தேர்விலேயே ஒதுக்கிவிடுங்கள்.

பத்திரிகைகள் முகமைப் படங்களை வைத்தே பக்கத்தை நிரப்பும்போது இதில் வேலை எங்கே என்று பெற்றோர் கேட்பார்கள். நாளிதழ் வேலையை மட்டும் நம்பி இறங்கினால் ஏமாற்றம் நேரலாம் என்பது உண்மைதான். ஆனால் அணிகள், பயிற்சி மையங்கள், விளையாட்டுச் சங்கங்கள், போட்டி நடத்துபவர்கள் என எல்லோருக்கும் இன்று ஆட்டம் முடிவதற்குள் சமூக ஊடகத்தில் போடப் படம் வேண்டும். அவசரத்திலும் பெயர் பிழைக்காமல் நல்ல படம் தருபவரை அவர்கள் மறுபடியும் கூப்பிடுவார்கள். மூன்றாம் ஆண்டில் அவர்களிடம் நேரில் போய், சிறந்த இருபது படங்களோடு, ஒரே ஆட்டத்தின் முழுத் தொகுப்பு ஒன்றையும் காட்டுங்கள். தனிப்படம் அதிர்ஷ்டத்தில் அமையக்கூடும். ஓர் ஆட்டம் முழுவதையும் அப்படி எடுத்துவிட முடியாது. கூலி பேசும்போது உரிமையையும் எழுத்தில் பேசிவிடுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவர்தான். படங்களை உங்கள் தொகுப்பில் வைத்துக்கொள்ளவும் வேறு இதழுக்கு விற்கவும் அனுமதி உண்டு என்ற இரண்டு வரிகளை, முதல் ஆட்டத்துக்குப் போவதற்கு முன்பே மின்னஞ்சலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.