பாதி நாள் அம்மா வீடு, பாதி நாள் அப்பா வீடு: பிள்ளையின் செலவுக்குச் சில குறிப்புகள்

பிரிந்து வாழும் பெற்றோர் பிள்ளையை ஆளுக்குச் சரிபாதி நாளோ வேறு விகிதத்திலோ பகிர்ந்து வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் சட்டத்தில் சேர்க்கலாம் என்று 2015-லேயே இந்தியச் சட்ட ஆணையம் தனது 257-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. இப்படி ஒத்துக்கொள்கிறவர்கள் நாள் கணக்கை நன்றாகவே பேசிவிடுகிறார்கள். பணத்தைப் பற்றிப் பேசத்தான் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் பிள்ளையைப் பாதிக்கிறது.

1. "நாள் சரிபாதி, அதனால் யாரும் யாருக்கும் தர வேண்டாம்" என்று முடிவு கட்டாதீர்கள். இருவர் சம்பளமும் ஏறக்குறைய ஒன்றானால் அது பொருந்தும். ஒருவர் மற்றவரைப்போல இரண்டு மடங்கு சம்பாதித்தால், ஒரு வீட்டில் தாராளம், மறு வீட்டில் இழுபறி என்று பிள்ளை வாரா வாரம் பார்த்து வளரும்.

2. நம் நாட்டில் இவ்வளவு சதவீதம் என்று சட்டம் நிர்ணயிக்கவில்லை. வருமான விகிதத்தில் பிரிப்பது நியாயமான வழி. அப்பாவுக்கு மாதம் 60,000, அம்மாவுக்கு 30,000 என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை இருக்கும் நாட்களுக்கு ஒவ்வொரு வீட்டிலும் 6,000 ரூபாய் ஆகிறது. பள்ளி, வேன், டியூஷன், மருத்துவம் எல்லாம் சேர்த்து மாதச் சராசரி 12,000. அதை அம்மா கட்டுகிறார். மொத்தச் செலவு 24,000. அப்பாவின் பங்கு 16,000, அம்மாவின் பங்கு 8,000. அப்பா தன் வீட்டிலேயே 6,000 செலவழித்துவிடுவதால், மீதி 10,000-ஐ அம்மாவுக்கு அனுப்ப வேண்டும். தாளில் இப்படிப் போட்டுப் பார்த்தாலே பாதிச் சண்டை அடங்கிவிடும்.

3. கணக்கை ஒரு மாதத்துக்குப் போடாமல் ஒரு வருஷத்துக்குப் போடுங்கள். ஜூன் மாத ஃபீஸ், சீருடை, புத்தகம், தீபாவளித் துணி, கண்ணாடி, பல் மருத்துவம், காப்பீட்டுப் பிரீமியம் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

4. சம்பள விவரத்தை மறைக்க வேண்டாம். ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது. கோர்ட்டில் எப்படியும் காட்டவேண்டியதை வீட்டுப் பேச்சிலேயே காட்டிவிடலாம்.

5. கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். மாதம் 5-ம் தேதிக்குள் வங்கிக் கணக்கு வழியாகவே போகட்டும். எதற்கான பணம் என்று குறிப்பில் எழுதுங்கள்.

6. செருப்பு, இரவு உடை, வழக்கமான மருந்து இரண்டு வீட்டிலும் தனித்தனியாக இருக்கட்டும். பை தூக்கிக்கொண்டு அலைய வேண்டியது பிள்ளை அல்ல.

7. பணம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையை அனுப்பாமல் நிறுத்தாதீர்கள். அனுப்பவில்லை என்பதற்காகப் பணத்தையும் நிறுத்தாதீர்கள். "அப்பாகிட்ட ஃபீஸ் கேளு" என்று பிள்ளையைத் தூது அனுப்புவது இதைவிடக் கொடுமை. அது எந்த வயதிலும் வேண்டாம்.

8. வாய்ப்பேச்சோடு விடாமல் எழுதி வையுங்கள். பரஸ்பர சம்மத விவாகரத்தானால் அந்த ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடலாம். தொகை, தேதி, வருஷந்தோறும் எவ்வளவு கூட்டுவது, கல்லூரிச் செலவு யார் பொறுப்பு என்ற நான்கும் கட்டாயம் இருக்கட்டும். வேலை போனாலோ செலவு கூடினாலோ, இந்து திருமணச் சட்டம் 26-வது பிரிவின்படி மாற்றம் கேட்டு மனுப் போடலாம்.

9. இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் (1956) 20-வது பிரிவு, பிள்ளையைக் காப்பாற்றும் கடமையைத் தாய் தந்தை இருவர் மேலும் வைக்கிறது. மதம் எதுவானாலும், வசதி இருந்தும் பிள்ளையைக் கவனிக்காத பெற்றோர் மீது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144-வது பிரிவில் மனுக் கொடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவுதான் 2024 ஜூலை முதல் இந்த எண்ணில் இருக்கிறது.

10. வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100-க்கு அழைக்கலாம்.