கைகோர்க்கும் முன் எழுதிக்கொள்ளுங்கள்: சிறு மென்பொருள் நிறுவனமும் ஆலோசனை நிறுவனமும்



பாஸ்போர்ட் எடுக்கப் போயிருக்கிறீர்களா? செல்போனிலேயே விண்ணப்பித்து, நாளும் நேரமும் வாங்கிக்கொண்டு பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்குப் போனால், அங்கே ஏ, பி, சி என்று மூன்று கட்டமாக கவுன்ட்டர்கள் இருக்கும். ஏ கவுன்ட்டரில் போட்டோ எடுப்பார்கள், கைரேகை பதிவார்கள், ஆவணங்களை ஸ்கேன் செய்வார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் தனியார் மென்பொருள் நிறுவனத்தின் ஊழியர். பி, சி கவுன்ட்டர்களில் இருப்பவர்கள் அரசு அலுவலர்கள். ஆவணம் சரியா என்று பார்ப்பதும், பாஸ்போர்ட் கொடுக்கலாமா என்று முடிவெடுப்பதும் அவர்கள் வேலை.

வெளியுறவு அமைச்சகத்தின் இந்தத் திட்டத்துக்கு ஆலோசகராக இருந்தது நேஷனல் இன்ஸ்டிடியூட் ஃபார் ஸ்மார்ட் கவர்ன்மென்ட் என்ற, லாப நோக்கமில்லாத அமைப்பு. மென்பொருளும் மையங்களின் வசதிகளும் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்தின் பொறுப்பு. 2008-ல் ஒப்பந்தம் ஆனது. 2010-ல் முதல் மையங்கள் இயங்கத் தொடங்கின.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஆலோசனை சொல்பவர் ஒருவர், கட்டிக் கொடுப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் ஒருவர். யார் வேலை எங்கே முடிகிறது, அடுத்தவர் வேலை எங்கே தொடங்குகிறது என்பது முதலிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

"அது பெரிய கம்பெனிங்க கதை, நமக்கென்ன?" என்று கேட்கிறீர்களா? பார்க்கலாம் வாங்க.

திருப்பூரில் இரண்டு நண்பர்கள்

இப்படி வைத்துக்கொள்வோம். திருப்பூரில் இரண்டு இளைஞர்கள் சேர்ந்து ஒரு செயலி செய்கிறார்கள். நிட்டிங் முடிந்த துணி சாயப்பட்டறைக்கு எத்தனை கிலோ போனது, எத்தனை கிலோ திரும்பி வந்தது, தையலுக்கு எவ்வளவு போனது என்று பின்னலாடை யூனிட் முதலாளி தன் செல்போனிலேயே பார்க்கலாம். நல்ல செயலிதான். ஆனால் எந்த யூனிட்டுக்குப் போனாலும் ஒரே பதில்: "தம்பி, நல்லாத்தான் இருக்குது. எதுக்கும் எங்க ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

சரக்கு நண்பர்களிடம் இருக்கிறது. நம்பிக்கையோ ஆலோசனை அலுவலகத்திடம் இருக்கிறது. இருவரும் சேர்ந்தால் என்ன? இதைத்தான் பெரிய நிறுவனங்கள் வியூகக் கூட்டு என்கின்றன. ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருக்கும்போது மட்டுமே இது பயன்படும். இரண்டு பேரும் ஒரே வேலையைச் செய்பவர்கள் என்றால், அது கூட்டு அல்ல, போட்டி.

சேர்ந்துவிட்டார்கள். ஆறு மாதம் நன்றாகப் போகிறது. ஒருநாள், ஜி.எஸ்.டி. படிவம் தாக்கல் செய்யக் கடைசி நாள், இரவு ஒன்பது மணி. கணக்கு இடிக்கிறது. முதலாளி ஆலோசகரைக் கூப்பிடுகிறார். "சாஃப்ட்வேர் பசங்களைக் கேளுங்க" என்கிறார் அவர். பசங்களைக் கூப்பிட்டால், "பதிவு போட்டது அவங்க ஆபீஸ்லதானுங்களே" என்கிறார்கள். அந்த ராத்திரி முதலாளி இருவர் மீதும் வைத்திருந்த நம்பிக்கை போய்விடுகிறது. ஒரு யூனிட் போனால் அந்தத் தெருவே போகும். ஆலோசகர் இருபது ஆண்டாகச் சேர்த்த பெயரும் போகும், நண்பர்கள் போட்ட முதலும் போகும்.

ஆகவே கூட்டு சேரும்போது முதலில் பேச வேண்டியது லாபத்தில் யாருக்கு எத்தனை சதவீதம் என்பதல்ல. வாடிக்கையாளர் போன் செய்தால் யார் பதில் சொல்வது என்பதுதான். அதிலிருந்து தொடங்கி ஆறு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் "ஓகே அண்ணா" என்று முடித்த பேச்சை, ஒரு வருடம் கழித்து ஆளுக்கு ஒரு விதமாகத்தான் நினைவு வைத்திருப்பார்கள்.

1. பதில் சொல்பவர் யார்?

செயலி திறக்கவில்லை, பதிவு தவறு, சட்ட விளக்கம் வேண்டும் என்று மூன்று வகைக் கேள்விகள் வரும். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவர் யார், எத்தனை மணி நேரத்தில் பதில் தர வேண்டும் என்று குறியுங்கள். வாடிக்கையாளருக்கு ஒரே ஒரு எண் கொடுங்கள். உள்ளே யார் வேலை என்பதை நீங்கள் பிரித்துக்கொள்ளுங்கள்.

2. 'பார்ட்னர்' என்ற சொல்லில் கவனம்

1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி கூட்டாளிகள் ஆகிவிட்டால், நிறுவனத்தின் செயல்களுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் சேர்ந்தும் தனியாகவும் பொறுப்பாவார். அதாவது அவர் வைத்த கடன் உங்கள் வாசலுக்கும் வரலாம். நீங்கள் இரண்டு தனி நிறுவனங்களாகச் சேர்ந்து வேலை செய்பவர்கள் என்றால், அதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதுங்கள். எழுதினால் மட்டும் போதாது, நடப்பும் அப்படியே இருக்க வேண்டும். பெயரை அல்ல, உண்மையான உறவையே சட்டம் பார்க்கும். மொத்த லாபத்தைப் பங்கு போடுவதைவிட, இந்த வேலைக்கு இவ்வளவு கட்டணம் என்று வைப்பது தெளிவு.

3. சோர்ஸ் கோட் யாருக்குச் சொந்தம்?

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் அடங்கும். சம்பளம் வாங்கும் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். ஆனால் வெளி நிறுவனம் எழுதிக் கொடுத்தால், பணம் வாங்கிக்கொண்டதாலேயே உரிமை கைமாறிவிடாது. எழுத்து மூலமாக மாற்றிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதும்போதும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். "நாங்க ஐடியா கொடுத்தோம், அதனால செயலி எங்களோடது" என்ற சண்டையை இந்த ஒரு பத்தி தவிர்க்கும்.

4. பரிந்துரைக்குக் கமிஷன் உண்டா?

ஆலோசகர் உங்கள் செயலியைச் சிபாரிசு செய்து, அதற்குப் பணமும் வாங்கினால், வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டுப் பின்னால் தெரிய வந்தால், அவர் சொன்ன நல்ல ஆலோசனையும் சந்தேகத்துக்கு ஆளாகும். இன்னொன்று: கூட்டாளி தொழில் நடத்தும் பட்டயக் கணக்காளர் என்றால், 1949-ஆம் ஆண்டு பட்டயக் கணக்காளர் சட்டம் கட்டணத்தையும் லாபத்தையும் வெளியாரோடு பங்கு போடுவதில் கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறது. என்ன முறை தனக்குப் பொருந்தும் என்று அவரையே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. தொழிலாளர் விவரங்கள் பத்திரமா?

செயலியில் தொழிலாளர்களின் பெயர், செல்போன் எண், சம்பளம் எல்லாம் இருக்கும். 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்வது இது: எதற்காக, எப்படிப் பயன்படுத்துவது என்று தீர்மானிப்பவரே அந்தத் தகவலுக்குப் பொறுப்பு. அவர் வேலையை வேறு நிறுவனத்திடம் கொடுக்கலாம், ஆனால் முறையான ஒப்பந்தத்தின் கீழ்தான். கொடுத்துவிட்டதால் பொறுப்பு நீங்காது. பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஆகவே இரண்டு அலுவலகத்திலும் யார் யார் எதைப் பார்க்கலாம் என்று பட்டியல் போடுங்கள். சம்பளப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

6. பணம் எப்போது வரும்? பிரிந்தால் என்ன ஆகும்?

வாடிக்கையாளர் ஆலோசகரிடம் பணம் கட்ட, அவர் உங்களுக்குத் தருவதா, அல்லது தனித்தனி பில்லா? நீங்கள் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால், 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் துணைக்கு வரும். எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தரும் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும்.

இதற்கு உத்யம் பதிவு அவசியம். ஆதார், பான் எண்களைக் கொண்டு செல்போனிலேயே மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் செய்துவிடலாம். கட்டணம் எதுவும் கிடையாது. அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் தனியார் தளங்களும் உண்டு. பணம் கேட்டாலே வெளியே வந்துவிடுங்கள்.

பிரிவதையும் சேரும்போதே எழுதுங்கள். எத்தனை நாள் முன்னறிவிப்பு, வாடிக்கையாளரின் தகவலை எந்த வடிவில் திருப்பித் தருவது, அதுவரை செயலியை யார் பராமரிப்பது என்பவை அதில் இருக்கட்டும். சண்டை வந்த பிறகு இதைப் பேச முடியாது.

இந்த வாரம் செய்து பாருங்கள்

மேலே உள்ள ஆறு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். நீங்கள் ஒரு பிரதி, உங்களோடு சேரப் போகிறவர் ஒரு பிரதி. ஒருவர் பதிலை ஒருவர் பார்க்காமல் நிரப்புங்கள். பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதில்கள் எங்கே மாறுகின்றனவோ, அங்கேதான் நாளைய தகராறு இருக்கிறது. அதை இன்றே பேசி முடியுங்கள்.

பிறகு ஒரே ஒரு வாடிக்கையாளரிடம் மூன்று மாதம் சோதித்துப் பாருங்கள். தாளில் எழுதியது நடப்புக்கு ஒத்து வருகிறதா என்று அப்போது தெரிந்துவிடும். திருத்தங்களைச் சேர்த்து, வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

"இவ்வளவு எழுதினா நம்ம மேல நம்பிக்கை இல்லைனு நினைச்சுக்குவாரே" என்று தயங்க வேண்டாம். அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "சார், ராத்திரி ஒன்பது மணிக்கு நம்ம வாடிக்கையாளர் போன் பண்ணினா, நாம ரெண்டு பேரும் ஒரே பதில் சொல்லணும். அதுக்காகத்தான் இது." தன் பெயரை மதிக்கும் எந்த ஆலோசகரும் அதற்குச் சரி என்றுதான் சொல்வார்.