அடைக்கலம்

தெருவில் பிறந்த நாய் தெருவை அறியும். வீட்டில் வளர்ந்து கைவிடப்பட்ட நாய் அதனை அறியாது. இரைதேடவும் ஊர்திக்கு விலகவும் பழகாத அது, விடப்பட்ட இடத்திலேயே காத்துக்கிடக்கும். தக்க காரணமின்றி விலங்கைப் பசியால் வாடுமாறு கைவிடுதல், 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

அச்சட்டத்திற்கு ஓராண்டு முன்பே, சென்னையில் மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை விமானி வி. சுந்தரம் தம் இல்லத்திற்கு எடுத்துச்சென்றார். அவ்விரக்கமே 'புளூ கிராஸ்' அமைப்பாக வளர்ந்தது.

காயத்திற்கு மருந்திடுவதோடு மீட்பு நிறைவடைவதில்லை. வெறிநோய்த் தடுப்பூசியும் கருத்தடை அறுவையும் செய்யப்பெற்ற நாய்க்கு, வாழ்நாள் முழுவதும் பொறுப்பேற்கும் இல்லம் வேண்டும். தத்தெடுப்போர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது, 'இக்குட்டி அழகியதா?' என்பதன்று, 'இது மூப்படைந்து கண்மங்கும் நாளிலும் காப்பேனா?' என்பதே.