மிசிசிப்பியைப் பிரித்த கோடு

அன்புள்ள மலர்விழிக்கு,

ஆய்வுக்குப் பணக்கொள்கையை எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக எடு. ஒரு கேள்வியை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்: மத்திய வங்கி வேறு விதமாக நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நெருக்கடி முற்றும்போதுதான் மத்திய வங்கி அதிகமாகக் கடன் கொடுக்கும். எண்களை மட்டும் பார்ப்பவருக்கு அந்தக் கடனே நெருக்கடியை வளர்த்ததாகத் தோன்றிவிடும். அதனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னோர் இடம் வேண்டும்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் அது கிடைத்தது. வடபாதி, அமெரிக்க மத்திய வங்கி அமைப்பான ஃபெடரல் ரிசர்வில் செயின்ட் லூயிஸ் வங்கியின் வட்டாரம். தென்பாதி அட்லாண்டா வங்கியின் வட்டாரம். மாநிலச் சட்டம் இரண்டுக்கும் ஒன்றே. 1930 நவம்பரில் டென்னசியில் கால்டுவெல் என்ற பெரிய நிதி நிறுவனம் சரிந்ததும், போட்ட பணத்தை எடுக்க மக்கள் வங்கிகளுக்கு ஓடினார்கள்.

நல்ல வங்கியும் இதைத் தாங்காது. வைப்புத்தொகையில் சிறு பங்குதான் ரொக்கமாக இருக்கும். மற்றதெல்லாம் விவசாயிக்கும் வணிகருக்கும் கடனாகப் போயிருக்கும். தவித்த வங்கிகளுக்கு அட்லாண்டா தாராளமாகக் கடன் கொடுத்தது. பீதிக் காலத்தில் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று பொருளியல் எழுத்தாளர் வால்டர் பேஜட் 1873-லேயே எழுதியிருந்தார். வணிகம் சுருங்கினால் கடனும் சுருங்கட்டும் என்று நினைத்த செயின்ட் லூயிஸ் கையை இறுக்கிக்கொண்டது.

கேரி ரிச்சர்ட்சனும் வில்லியம் ட்ரூஸ்டும் இரு பாதிகளையும் ஒப்பிட்டு 2009-இல் ஆய்வு வெளியிட்டார்கள். வடக்கில் வங்கிகள் அதிக விகிதத்தில் மூடப்பட்டன. தெற்கில் கடனும் மொத்த வணிகமும் அவ்வளவு விழவில்லை. 1931-இல் செயின்ட் லூயிஸும் அட்லாண்டாவின் வழிக்கு வந்தது, வேறுபாடு மங்கியது. காரணம் கொள்கைதான் என்ற முடிவுக்கு இதுவே பெரிய பலம்.

வங்கி மூடினால் சேமிப்பு மட்டும் போவதில்லை. யாரை நம்பிக் கடன் கொடுக்கலாம் என்று அது பல ஆண்டுகளில் சேர்த்த அறிவும் போகிறது. நல்ல தொழிலும் கடன் கிடைக்காமல் முடங்குகிறது. 1983-இல் இதை விளக்கிய பென் பெர்னான்கி 2022-இல் நோபல் பரிசு பெற்றார்.

நீயும் சூத்திரத்தில் தொடங்காதே. விதி மாறிய ஒரு தேதியை, அதிகாரம் பிரியும் ஓர் எல்லையைத் தேடு. கிடைத்ததும் மகிழ்ந்துவிடாமல், கொள்கை வேறுபடும் முன்பே இரு பக்கமும் ஒத்திருந்தனவா என்று சோதி. அடுத்த பீதியில் மத்திய வங்கி கை கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர்கள் இப்படிப்பட்ட ஆய்வுகளைத்தான் புரட்டுவார்கள். எளிய மனிதரின் சேமிப்பு அதில் அடங்கியிருக்கிறது. ஆகவே பொறுமையாகச் செய். முதல் வரைவை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
சித்தப்பா