பழைய கார் ஸ்டீரியோவில் தமிழ்ப் பாட்டு: எந்த வழி சரி?

ஹைதராபாத்தில் காரில் எஃப்.எம். போட்டால் பெரும்பாலும் தெலுங்கும் இந்தியும்தான். தமிழ்ப் பாட்டுக்குக் கைபேசியே துணை. ஸ்டீரியோவில் ப்ளூடூத் இல்லையென்றால் மூன்று வழிகள் உண்டு.

ஆக்ஸ்: முதலில் ஸ்டீரியோவின் முகப்பைப் பாருங்கள். ஆக்ஸ் துளை இருந்தால் ஒரு கேபிள் போதும். மற்ற இரண்டு வழிகளிலும் கைபேசிப் பாட்டு எஃப்.எம். சிக்னலாகத்தான் ஸ்டீரியோவுக்குப் போகும்; எஃப்.எம். ஒலி 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். கேபிளில் அந்தத் தடை இல்லை.

லைட்டர் சாக்கெட் டிரான்ஸ்மிட்டர்: மலிவு, செருகினால் வேலை முடிந்தது. ஆனால் கருவி காருக்குள், ஆன்டெனா வெளியே. எஃப்.எம். ரிசீவர் இரண்டு சிக்னலில் வலுவானதைத்தான் பிடித்துக்கொள்ளும். நான் 92.9-இல் வைத்திருந்தேன். பஞ்சாகுட்டா மேம்பாலத்தில் ஏறியதும் சரணத்தின் நடுவே 92.7-இலிருந்து பிக் எஃப்.எம். விளம்பரம் புகுந்துவிட்டது. தவறு என்னுடையது, அலைவரிசையை யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை.

வயர் மாடுலேட்டர்: ஆக்ஸ் இல்லாத வண்டிக்கு என் ஓட்டு இதற்கே. ஸ்டீரியோவை வெளியே இழுத்து, ஆன்டெனா பின்னைக் கழற்றி மாடுலேட்டரில் செருக வேண்டும். மாடுலேட்டரின் பின் ஸ்டீரியோவுக்குப் போகும். சிவப்பு வயர் சாவி திருப்பினால் மட்டும் 12 வோல்ட் வரும் இணைப்புக்கு, கறுப்பு பாடியில் எர்த்துக்கு. பாட்டு கேட்கும்போது வெளி ஆன்டெனாவைத் துண்டிக்கும் மாடலாகக் கேட்டு வாங்குங்கள். அப்போது பாட்டு கம்பி வழியே நேராகப் போகும், வெளி நிலையம் குறுக்கிடாது. எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி வேலை.

அலைவரிசை: நகரில் 92.7, 93.5, 94.3 என்று 0.8 இடைவெளியில் நிலையங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன; அந்த இடுக்கில் நுழையாதீர்கள். 88-ஐ ஒட்டியோ, மிர்ச்சியின் 98.3-க்கும் ரெயின்போவின் 101.9-க்கும் நடுவிலோ, வெறும் இரைச்சல் மட்டும் கேட்கும் இடத்தைத் தேடுங்கள். லைட்டர் கருவி என்றால் ஊர் தாண்டியதும் மறுபடி தேட வேண்டியிருக்கும்: ஜஹீராபாத் பக்கம் 90.4-இல் கிராமப் பெண்கள் 2008 முதல் நடத்தும் சங்கம் ரேடியோ ஒலிக்கிறது.

கைபேசியில் முக்கால் பங்கு ஒலி வைத்து, மீதியை ஸ்டீரியோவில் கூட்டுங்கள். கடையை விட்டுக் கிளம்புமுன் பாட்டை நிறுத்தி ஆக்ஸிலரேட்டரை மிதியுங்கள். மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் விசில் ஏறினால் எர்த் சரியில்லை. அங்கேயே சரிசெய்யச் சொல்லுங்கள்.