தொலைவிலிருந்து கற்கும் உயிர்காப்பு



நின்றுபோன இருதயத்தை, மார்பைப் பிளக்காமலே வெளியிலிருந்து அழுத்தி இரத்தத்தை ஓடச் செய்யலாம் என்று 1960-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவினர் எடுத்துரைத்தார்கள். இன்று அதன் அளவும் தெளிவாயிருக்கிறது: பெரியவர்களுக்கு நிமிடத்திற்கு 100 முதல் 120 அழுத்தங்கள், ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர்.

இந்தியாவில் அவசர மருத்துவம் தனி மேற்படிப்பாக அங்கீகாரம் பெற்றது 2009-ல்தான். ஒரே மருத்துவர் உள்ள ஊரில், அவர் 3 ஆண்டுகள் படிக்கப் போய்விட்டால் இரவில் வரும் நோயாளியை யார் பார்ப்பது? ஆகவே தொலைநிலைக் கல்வி அவசியமாகிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மருந்தின் அளவையும் நோயறியும் முறையையும் பாடப்புத்தகம் கற்பிக்கும். அழுத்தும் ஆழத்தையோ கைதான் கற்கவேண்டும். அதுவும் பயிற்சிப் பொம்மையின்மேல், ஆசிரியர் அருகிலிருந்து திருத்த. பழகாவிட்டால் சில மாதங்களிலேயே அத்திறமை மங்கத் தொடங்கும்.

ஆகவே இப்படிப்பில் மூன்றும் இருக்கவேண்டும்: வீட்டில் படிக்கும் பாடம், நேரடிப் பயிற்சி, மறுபயிற்சி. இத்தகைய படிப்புக்கு நீங்கள் உதவும்போது, புத்தகத்தோடு பயிற்சிப் பொம்மையையும், மருத்துவர் பயிற்சிக்குப் போகும் நாட்களில் அவரிடத்தில் நிற்கப்போகிற மாற்று மருத்துவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊருக்கு அதுவே பேருதவி.