கல்லூரி மாணவருக்கு லேப்டாப்: குறைந்த பட்ஜெட்டில் சரியானதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கல்லூரியில் இடம் கிடைத்தவுடன் வீட்டில் எழும் அடுத்த கேள்வி, "எந்த லேப்டாப் வாங்கலாம்?" என்பதுதான். பல குடும்பங்களில் அதுவே வீட்டின் முதல் கம்ப்யூட்டராக இருக்கும். சீட்டுப் பணத்தையோ, நகையை அடகு வைத்து வந்த பணத்தையோ கொண்டுதான் வாங்குவார்கள். பொருந்தாத ஒன்றை வாங்கிவிட்டால், இரண்டாம் ஆண்டில் வேறொன்று வாங்க வசதி இருக்காது. மாணவர் அதனுடனேயே படிப்பை முடித்தாக வேண்டும். எனவே, கடைக்குச் செல்லும் முன் தெரிந்து கொள்ள வேண்டியவற்றை இங்கு வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில் இரண்டு விசாரணைகள்

முதலாவது, கல்லூரியில் கேளுங்கள். 2025-26ஆம் ஆண்டு பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லட் வழங்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. உங்கள் பிள்ளைக்கு அரசு லேப்டாப் வருமா என்பதை அலுவலகத்தில் உறுதி செய்து கொண்ட பின்னரே பணத்தை எடுங்கள்.

இரண்டாவது, வங்கியில் கேளுங்கள். படிப்புக்குத் தேவை என்றால், லேப்டாப்பின் நியாயமான விலையையும் கல்விக் கடனில் சேர்த்துக் கேட்கலாம். ஆனால், கடனுக்கு விண்ணப்பிக்கும்போதே விலைப்பட்டியலை இணைத்துக் கேட்க வேண்டும். கடன் அனுமதியான பிறகு கேட்டால் சேர்ப்பது சிரமம்.

படிப்புக்கு ஏற்ற லேப்டாப்

அனைவருக்கும் ஏற்ற ஒரே லேப்டாப் என்று எதுவும் இல்லை. கலை, வணிகவியல் மாணவர்களுக்கு வேர்ட், எக்ஸெல், இணையம், டேலி ஆகியவையே பெரும்பாலும் போதும். இவர்களுக்கு 8 ஜிபி ராம் உள்ள சாதாரண லேப்டாப் தாராளம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., பி.சி.ஏ. மாணவர்கள் புரோகிராம் எழுதக் கற்கிறார்கள். சி, பைத்தான், ஜாவா எதற்கும் பெரிய லேப்டாப் தேவையில்லை. ஆனால் ஆண்ட்ராய்ட் ஸ்டுடியோவை எமுலேட்டருடன் இயக்க 16 ஜிபி ராம் வேண்டும். "ஏ.ஐ. படிக்கப் போகிறான், அதனால் கிராபிக்ஸ் கார்டு கட்டாயம்" என்று கடையில் சொல்வார்கள். தொடக்க நிலைப் பயிற்சிகளுக்கு கூகுள் கோலாப் தளத்தில் பிரவுசர் வழியாகவே ஓரளவு இலவச கிராபிக்ஸ் ப்ராசசர் வசதி கிடைக்கிறது. அதற்காக இப்போதே பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம்.

மெக்கானிக்கல், சிவில் மாணவர்களுக்கு ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் போன்றவை வரும். இவர்கள் 16 ஜிபி ராம் கொண்ட விண்டோஸ் லேப்டாப்பையே வாங்க வேண்டும். கட்டடக்கலை மாணவர்களுக்கு மட்டும் தனி கிராபிக்ஸ் கார்டு உண்மையிலேயே பயன்படும். எதற்கும் அதே பிரிவில் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவரிடம், "என்னென்ன சாப்ட்வேர் பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். கடைக்காரரின் பதிலைவிட அது நம்பகமானது.

ப்ராசசர்: பெயரைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்

"ஐ3-ஐ விட ஐ5 சிறந்தது" என்பது ஒரே தலைமுறையில்தான் பொருந்தும். இன்டெல் ஐ5-6300யு என்ற ப்ராசசர் 2015ல் வந்தது. அதில் 2 கோர்கள்தான். 2022ல் வந்த ஐ3-1215யு ப்ராசசரில் 6 கோர்கள் உள்ளன. பெயரில் சிறியதாகத் தெரியும் ஐ3, இங்கு பழைய ஐ5-ஐ எளிதில் முந்திவிடும். தலைமுறையை அறிய, கோட்டுக்குப் பின்னுள்ள எண்ணைப் பாருங்கள். 8250 என்றால் 8ஆம் தலைமுறை. 1215 என்றால் 12ஆம் தலைமுறை. 2023 இறுதியிலிருந்து இன்டெல், புதிய லேப்டாப் ப்ராசசர்களின் பெயரில் "ஐ" எழுத்தை விட்டுவிட்டு கோர் 3, கோர் 5, கோர் அல்ட்ரா என்றும் பெயரிடுகிறது.

ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசனிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு ஆகிய இரண்டும் விளம்பரத்தில் "ரைசன் 5, 7000 சீரிஸ்" என்றே வரும். வித்தியாசம் ஒரே ஓர் இலக்கம். ஆனால் 7520யு-வில் 4 கோர்கள், 7530யு-வில் 6 கோர்கள். இந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைக் காட்டுகிறது. 2 என்றால் 2019ல் வந்த ஜென் 2. 3 என்றால் அதற்கு அடுத்து வந்த ஜென் 3 குடும்பம். 4 என்றால் ஜென் 4. எனவே முழு எண்ணையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

செலெரான் என்ற பெயரில் 2 கோர்களுடன் வரும் மிக மலிவான லேப்டாப்களை நான்கு ஆண்டுப் படிப்புக்கு வாங்க வேண்டாம். எண்ணின் இறுதியில் யு என்ற எழுத்து இருந்தால் குறைந்த மின்சாரத்தில் இயங்குவது. எச் என்றால் அதிக வேகம், அதிக மின்சாரம், அதிகச் சூடு.

ராம் மெமரி: பின்னர் கூட்ட முடியுமா?

2025 இறுதியிலிருந்து உலகச் சந்தையில் மெமரி விலை வெகுவாக உயர்ந்தது. அதனால் 16 ஜிபி லேப்டாப் பலருக்கு எட்டாமல் போகலாம். 8 ஜிபி வாங்கி, பின்னர் கூட்டிக் கொள்வது நல்ல வழி. ஆனால், அதற்கு உள்ளே இடம் இருக்க வேண்டும். சில லேப்டாப்களில் ராம் சிப்கள் மதர்போர்டிலேயே பற்ற வைக்கப்பட்டிருக்கும். மேலே சொன்ன 7520யு லேப்டாப்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றை எந்தக் கடையிலும் கூட்ட முடியாது.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். டிஸ்பிளேயில் உள்ள லேப்டாப்பில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ் பகுதிக்குச் சென்று மெமரி என்பதில் கிளிக் செய்திடுங்கள். "ஸ்லாட்ஸ் யூஸ்ட்" என்ற இடத்தில் 2ல் 1 என்று இருந்தால், ஒரு ஸ்லாட் காலியாக இருக்கிறது என்று பொருள். அருகிலேயே "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று காட்டினால் ராம் பற்ற வைக்கப்பட்டுள்ளது. அப்போது கூடுதல் ஸ்லாட் ஏதேனும் உண்டா என்று நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலைத் தேடிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எஸ்.எஸ்.டி.

எஸ்.எஸ்.டி. உள்ளதையே வாங்குங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்குடன் ஒப்பிட்டால் லேப்டாப் திறக்கும் வேகத்திலேயே வேறுபாடு தெரியும். இ.எம்.எம்.சி. என்று குறிப்பிட்டிருந்தால் அது செல்போன்களில் வரும் வகை. வேகம் குறைவு, மாற்றவும் முடியாது. 256 ஜிபி குறைந்தபட்சம், 512 ஜிபி நல்லது.

வாங்கிய பின் 512 ஜிபிக்குப் பதில் 476 ஜிபி என்று விண்டோஸ் காட்டுவதைப் பார்த்து, ஏமாந்துவிட்டோமோ என்று பலரும் பயப்படுவதுண்டு. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை 100 கோடி பைட்டுகளாகக் கணக்கிடுகிறார். விண்டோஸ் 107 கோடியே 37 லட்சம் பைட்டுகளாகக் கணக்கிடுகிறது. வித்தியாசம் கணக்கில்தான், பொருளில் இல்லை.

திரை, கீபோர்டு, எடை

திரை 1920 x 1080 புள்ளிகள் கொண்டதாக இருக்கட்டும். ஐ.பி.எஸ். வகை நல்லது. பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது நிறம் மங்கினால் அது டி.என். வகையாக இருக்கலாம். தினமும் பஸ்ஸில் செல்லும் மாணவர் என்றால் ஒன்றரை கிலோ அளவில் உள்ள 14 அங்குலம் வசதி. விடுதியில் மேஜை மேல் வைத்து வரைபடம் வரைபவருக்கு 15.6 அங்குலம் ஏற்றது. கடையில் கீபோர்டில் நான்கு வரி தட்டிப் பாருங்கள். நான்கு ஆண்டுகள் விரல்கள் பழகப் போவது அதில்தான்.

பேட்டரி: மணியை நம்பாதீர்கள்

பெட்டியில் "10 மணி நேரம்" என்று அச்சிட்டிருப்பார்கள். அதை விட்டுவிட்டு வாட் ஹவர் என்ற அளவைப் பாருங்கள். 42 வாட் ஹவர் பேட்டரி என்று வைத்துக் கொள்வோம். எழுதுவது, படிப்பது போன்ற வேலையில் லேப்டாப் 8 வாட் எடுத்துக் கொண்டால், 42-ஐ 8 ஆல் வகுக்க, சுமார் ஐந்தே கால் மணி நேரம் வரும். வரைபட வேலையில் 20 வாட் எடுத்தால் இரண்டு மணி நேரம்தான். மின்வெட்டு உள்ள ஊர் என்றால் இந்தக் கணக்கு முக்கியம். டைப்-சி வழியாக சார்ஜ் ஆகும் லேப்டாப் என்றால் சார்ஜர் பழுதானாலும் மாற்று எளிதில் கிடைக்கும்.

விண்டோஸ் இருக்கிறதா?

விலை சற்றுக் குறைவாக இருந்தால் "டாஸ்" லேப்டாப்பா என்று கேளுங்கள். அதில் விண்டோஸ் இருக்காது. "நாங்களே போட்டுத் தருகிறோம்" என்று கடையில் சொன்னால் அது உரிமம் இல்லாத நகலாக இருக்க வாய்ப்பு அதிகம். வைரஸும் சேர்ந்து வரலாம். அதைவிட உபுண்டு லினக்ஸ் போட்டுக் கொள்வது மேல். அது இலவசம். புரோகிராம் கற்க மிகவும் ஏற்றது. லிப்ரே ஆபீஸும் இலவசமே. ஆனால் சாலிட்வொர்க்ஸ், டேலி ஆகியவை விண்டோஸுக்கானவை. குரோம்புக் வாங்கினாலும் இதே சிக்கல்தான். ஸ்நாப்டிராகன் ப்ராசசர் கொண்ட விண்டோஸ் லேப்டாப்களில் பேட்டரி நன்றாக நிற்கும். ஆனால் சில சாப்ட்வேர்கள் இயங்காமல் போகலாம். பாடத்துக்கான சாப்ட்வேர் அதில் இயங்குமா என்று பார்த்த பின்னரே வாங்குங்கள். தமிழில் டைப் செய்ய விண்டோஸ் 11ல் தமிழ் 99 கீபோர்டு உள்ளேயே இருக்கிறது. தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை.

பயன்படுத்திய லேப்டாப் வாங்கலாமா?

பட்ஜெட் மிகக் குறைவு என்றால் வாங்கலாம். அலுவலகங்களில் பயன்படுத்திக் கழிக்கப்பட்டவை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் நிறையக் கிடைக்கின்றன. ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 உடன் மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு, பொதுவாக இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது ரைசன் 2000 வரிசையும் அதற்குப் பின் வந்தவையுமே ஏற்கப்படுகின்றன. எனவே "ஐ5, விலை மலிவு" என்று 6ஆம் தலைமுறையைக் காட்டினால், லினக்ஸ் மட்டுமே பயன்படுத்துவோம் என்றால் ஒழிய வாங்காதீர்கள்.

வாங்கும் முன் சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் இயக்கிப் பாருங்கள். எல்லா கீகளையும் அழுத்திப் பாருங்கள். கேமரா, மைக், யு.எஸ்.பி. துளைகள், திரையின் மடக்கு ஆகியவற்றையும் சோதியுங்கள். பில் இல்லாமல் வாங்கவே வேண்டாம். திருட்டுப் பொருளாக இருந்தால் சிக்கல் மாணவருக்குத்தான்.

"வட்டியில்லா" தவணை

கிரெடிட் கார்டில் "நோ காஸ்ட் இ.எம்.ஐ." என்றால் வட்டியே கிடையாது என்று பொருளல்ல. வங்கி வட்டி போடும். அதற்குச் சமமான தொகையை விற்பனையாளர் விலையில் முன்பே குறைத்துக் காட்டுவார். அந்த வட்டியின் மீது 18% ஜி.எஸ்.டி. உண்டு, அதை நீங்கள்தான் கட்ட வேண்டும். மொத்த வட்டி 1,500 ரூபாய் என்றால் ஜி.எஸ்.டி. 270 ரூபாய். செயல்முறைக் கட்டணமும் தனியாக இருக்கலாம். மேலும், ரொக்கமாகக் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்குக் கிடைக்காமல் போகலாம். "எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு கட்டுவேன்?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, இரண்டையும் ஒப்பிடுங்கள்.

பட்ஜெட் 40,000 ரூபாய் என்றால் முழுவதையும் லேப்டாப்புக்கே செலவிட வேண்டாம். பை, மவுஸ், முக்கியமான பைல்களின் நகலை வைக்க ஒரு பென் டிரைவ், முடிந்தால் கூடுதல் வாரண்டி என 3,000 ரூபாய் வரை ஒதுக்கி வையுங்கள். உங்கள் ஊரிலோ, கல்லூரி உள்ள ஊரிலோ அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் உள்ளதா என்பதையும் பாருங்கள்.

வீட்டுக்கு வந்தவுடன்

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை செல்போனில் வீடியோ எடுங்கள். சீரியல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் கொடுத்து, வாரண்டி எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். தேதி முந்தியதாக இருந்தால் பில்லைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். கடைக்காரரின் இமெயில் முகவரியில் விண்டோஸைத் தொடங்க விடாதீர்கள். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டுக் குறியீட்டுடன் இயங்கும். அதன் மீட்புச் சாவி, முதலில் லாக் இன் செய்தவரின் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டில்தான் சேமிக்கப்படும். பின்னாளில் லேப்டாப் அந்தச் சாவியைக் கேட்டால், இறுதி ஆண்டு ப்ராஜெக்ட் உட்பட அனைத்தும் உள்ளே சிக்கிக் கொள்ளும். எனவே மாணவரே தன் அக்கவுண்ட்டில் தொடங்கி, பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதிப் பத்திரமாக வைக்கட்டும்.

கடைக்குக் கொண்டு செல்ல ஒரு சீட்டு

1. ப்ராசசரின் முழு எண் என்ன?
2. ராம் 8 ஜிபியா, 16 ஜிபியா? காலி ஸ்லாட் உண்டா?
3. எஸ்.எஸ்.டி.யா, இ.எம்.எம்.சி.யா?
4. திரை 1920 x 1080, ஐ.பி.எஸ். வகையா?
5. பேட்டரி எத்தனை வாட் ஹவர்?
6. ஒரிஜினல் விண்டோஸ் 11 உண்டா?
7. வாரண்டி எத்தனை ஆண்டு, சர்வீஸ் சென்டர் எங்கே?
8. ஜி.எஸ்.டி. பில்லுடன் மொத்தத் தொகை எவ்வளவு?

இந்த எட்டுக்கும் தெளிவாகப் பதில் தரும் கடையில் வாங்குங்கள். "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கும் சார்" என்ற பதில் மட்டுமே கிடைத்தால், அடுத்த கடைக்குச் செல்லத் தயங்காதீர்கள்.